கணுக்காலுக்குக் காது இல்லை

ஏரிக்கரையில் நடன அரங்கு.
மொத்தமும் மரம். மேடைக்கு அடியில் வெறும் கூடு.
கோடை முழுக்க அங்கே ஒரு முள்ளெலி
வாடகை இல்லாமல் குடியிருக்கும்.
பின்லாந்தின் ஜூலை இரவுக்கு இருட்டத் தெரியாது.
பதினொரு மணிக்கும் வெளிச்சம் வந்து
என் கிட்டார்க் கம்பியில் உட்கார்ந்திருக்கும்.

பதினாறு வருடம் என் பெட்டி
இடது மூலையில், தரையோடு தரையாக.
பிளக் அங்கேதான் இருந்தது.
அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மூலை சும்மா இருக்காது.
இரண்டு சுவரும் ஒரு தரையும் கூட்டுச் சேர்ந்து
அடிக்குரலைப் பிடித்து ஊதிப் பெருக்கும்.
தடித்த கம்பியைத் தொட்டால் போதும்,
பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல
பலகை மொத்தமும் முனகும்.
நானோ பெட்டிக்கு இரண்டடி முன்னால்.
கூர்மையான சத்தமெல்லாம்
என் கெண்டைக்காலை உரசிக்கொண்டு
முழங்கால்களின் இடைவெளியில் நுழைந்து
நேரே தளத்துக்குப் போனது.
எனக்குக் கேட்கவில்லை.
கேட்கவில்லை என்று குமிழைத் திருகினேன்.
ஆறு. ஏழு. ஏழரை.
ஏழரை எப்படி இருக்கும் என்று
உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருடம் அக்கார்டியனுக்கு ஐலா வந்தாள்.
இரண்டாம் சனிக்கிழமை கேட்டாள்:
"ரெயோ, அந்த இடத்தில் ஏன் யாரும் ஆடுவதில்லை?"
மேடையிலிருந்து கதவு வரைக்கும்
தர்பூசணிக் கீற்று மாதிரி ஒரு வெற்றிடம்.
ஜோடிகள் அதன் விளிம்புவரை வந்து
வளைந்து திரும்பிப் போவார்கள்.
பலகை சரியில்லை என்றேன்.
அப்படித்தான் நினைத்திருந்தேன், சத்தியமாக.

அடுத்த டாங்கோவில், என் தனி வாசிப்பின் நடுவே,
அக்கார்டியனை மார்பில் சுமந்தபடியே இறங்கிப் போய்
அந்தக் கீற்றின் நடுவில் நின்றாள்.
எட்டு தாளம்.
திரும்பி வந்தபோது ஒரு கை காதில் இருந்தது.
"பலகை நன்றாகத்தான் இருக்கிறது."

இடைவேளையில் பெட்டியை நகர்த்தினோம்.
டிரம்ஸ்காரர் உர்போ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
சுவரைவிட்டு இரண்டு பாக நீளம் தள்ளி,
கவிழ்த்த பீர்ப் பெட்டிகள் இரண்டின் மேல்.
அவற்றுக்கு அடியில், மேடை முனகாதிருக்க,
உர்போவின் சவுனாத் துண்டு நாலாக மடித்து.
முன்பக்கம் ஒரு பிர்ச் விறகுக்கட்டை செருகி
வாய் என் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து.
ஒயர் எட்டவில்லை.
சாசேஜ் கடைக்காரரிடம் நீட்டு ஒயர் கடன் வாங்கினோம்;
அவருடைய வாஃபிள் அடுப்பு அதோடு அணைந்தது.

முதல் தட்டலிலேயே
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறைந்த மாதிரி.
ஏழரையிலிருந்து மூன்றுக்கு இறக்கினேன்.
மூன்றில் எல்லாம் கேட்டது.
கட்டைவிரல் ஒவ்வொரு முறையும்
அரை மாத்திரை பிந்தி வருவது கேட்டது.
மூன்றாம் கம்பி சற்றே இறங்கியிருப்பது கேட்டது.
இத்தனை வருடம் இதையெல்லாம் நான்
ஊருக்கு நேராகக் குறி பார்த்து அனுப்பியிருக்கிறேன்,
எனக்கு ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளாமல்.

பெண்கள் அழைக்கும் நேரத்துக்கான விளக்கு எரிந்தது.
ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி
பஸ் ஓட்டுநர் தைஸ்டோவைக் கையைப் பிடித்து இழுத்தாள்.
விளிம்புவரை வந்தார்கள்.
பழக்கத்தில் தைஸ்டோவின் தோள் திரும்பியது;
அவள் திரும்பவில்லை.
உள்ளே போனார்கள். பின்னாலேயே இன்னொரு ஜோடி.
நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்து
ஒரு சுரத்தைத் தவறவிட்டேன்.
அதுவும் கேட்டது.

இரண்டு மணிக்குத் துடைப்பத்தோடு இறங்கினேன்.
தளமெங்கும் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருக்க,
அந்தக் கீற்றில் மட்டும்
பூசிய நாளின் பளபளப்பு.
அதில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு, ரப்பர் பூட்ஸ் இழுத்தது.
அதைத் துடைக்கவில்லை.

"அடுத்த வாரம் இன்னும் ஒரு சாண் வலப்பக்கம்,"
என்றாள் ஐலா, பெல்லோஸை வாரால் கட்டியபடி.
வாசலில் சாசேஜ் கடைக்காரர்,
கை நீட்டிக்கொண்டு:
"என் ஒயர்?"